நாலரை மணிப் பசியும் வாரக் கணக்கும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: பிள்ளைகள் வளர வளர மளிகைப் பணம் ஏன் வியாழக்கிழமையே தீர்ந்துவிடுகிறது? மனையியல் சொல்லிக்கொடுத்த அனுபவத்தோடு, இரண்டு பிள்ளைகளை வளர்த்த அனுபவத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

வாரத்துக்கு 3,000 ரூபாய் ஒதுக்குகிறேன், போதவில்லை. பையன்கள் 14, 17 வயது. எவ்வளவு வைத்தாலும் தீர்ந்துபோகிறது. சாப்பாட்டில் கட்டுப்பாடு வைக்கலாமா? (மார்த்தாண்டம் வாசகி)

வேண்டாம் அம்மா. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவுகளைப் பாருங்கள். உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கலோரி, ஆணுக்கு 2,110. உங்கள் சின்னவனுக்கு 2,860, பெரியவனுக்கு 3,320. பெரியவனுக்கு வேண்டியது உங்களுக்கு வேண்டியதைப் போல் சரியாக இரண்டு மடங்கு. அவன் இரண்டாவது முறை சோறு கேட்டால் அது பேராசை இல்லை, எலும்பும் தசையும் கேட்கிறது.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? ஒரு வாரம் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன், சிரமம் பார்க்காமல் அனுப்பினீர்கள். அரிசி, பலசரக்கு 900. காய்கறி 520. மீனும் முட்டையும் 700. பால் 500. பேக்கரி, பாக்கெட் தின்பண்டம், டீக்கடை வடை எல்லாம் சேர்த்து 860. மொத்தம் 3,480. அந்தக் கடைசி வரியைத் தனியாகப் பாருங்கள். அத்தனையும் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் செலவானது. பையன்கள் பள்ளி விட்டு வரும்போது அடுக்களையில் ஒன்றும் இல்லை, அதனால் பசி கடைக்குப் போகிறது.

நாலரை மணிக்கு என்ன என்பதை ஞாயிற்றுக்கிழமையே முடிவு செய்துவிடுங்கள். இரண்டு கிலோ ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்), அரைக் கிலோ நிலக்கடலை, அரைக் கிலோ அவல், அரைக் கிலோ வன்பயறு (சிவப்புக் காராமணி): விலை ஏறி இறங்கினாலும் சுமார் 350 ரூபாய்க்குள் அடங்கும். ஒரு நாள் பழம் புழுங்கியது, ஒரு நாள் அவல் நனைத்துத் தேங்காய் துருவிப்போட்டுக் கொஞ்சம் கருப்பட்டி, ஒரு நாள் புட்டும் பயறும். நிலக்கடலையைக் காலையிலேயே அவித்துத் தூக்குப் போணியில் வைத்துவிட்டால், நீங்கள் வேலையிலிருந்து வருவதற்குள் அவர்களே எடுத்துத் தின்பார்கள். ஏத்தன் வாங்கும்போது பழுத்தது ஒரு சீப்பு, செங்காய் ஒரு சீப்பு என்று கேட்டு வாங்குங்கள். எல்லாம் ஒரே நாளில் கனிந்து கறுத்துப்போகாது.

பேக்கரியை அடியோடு நிறுத்த வேண்டாம், வெள்ளிக்கிழமைக்கு 100 ரூபாய் விடுங்கள். அப்போது கணக்கு 3,070இல் நிற்கும். மிச்சம் இடிக்கிற 70 ரூபாய்க்குப் பாலில் கை வைக்காதீர்கள், ரேஷன் கடையைப் பாருங்கள். 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பையும் இலவசப் புழுங்கலரிசியையும் விட்டுவிடுகிற வீடுகள் நம் பக்கம் நிறைய. சோற்றுக்கு அந்த அரிசி பிடிக்கவில்லை என்றால் தோசை மாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உளுந்தைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு அரைத்தால் பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியாது.

எங்களுக்குக் கேரளத்துப் பாறசாலை. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்கு வந்து வாங்கினால் லாபம் என்கிறார்கள். உண்மையா? (பாறசாலை வாசகர்)

சில பொருளுக்கு உண்மை, சிலதுக்கு இல்லை. உங்களிடம் கேரள ரேஷன் கார்டு இருக்கிறது, அதனால் முதலில் கேரள அரசின் மாவேலி ஸ்டோர். பயறு, உளுந்து, கடலை, வன்பயறு, துவரம்பருப்பு, மிளகாய், மல்லி, சர்க்கரை, தேங்காய் எண்ணெய், அரிசி வகைகள் என்று 13 பொருள்கள் மானிய விலையில் உண்டு. 2024இல் மானியத்தைக் குறைத்த பிறகும் வெளிக்கடையை விட விலை குறைவுதான். எல்லாம் எப்போதும் இருப்பு இருக்காது. மாதத் தொடக்கத்திலேயே போய்விடுவது நல்லது.

காய்கறிக்கு இந்தப் பக்கம் வரலாம், ஆனால் அதற்கென்று பெட்ரோல் போட்டு வராதீர்கள். வேறு வேலையாக வரும் நாளில் வாங்குங்கள். ஓணத்துக்கு முந்தின வாரம் காய் விலை இரண்டு பக்கமும் ஏறிவிடும். சேனை, சேம்பு போல் தாங்கும் கிழங்கு வகைகளையும் மத்தனையும் பத்து நாள் முன்னாலேயே வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. 2022 ஜூலையிலிருந்து பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தருவதற்கு இல்லை. பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, வண்டு இல்லை என்று தெரிந்து வாங்குகிற பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

மீன் இல்லாமல் பிள்ளைகள் சோற்றில் கை வைப்பதில்லை. ஜூன், ஜூலையில் விலை தாங்க முடியவில்லை. (கொல்லங்கோடு வாசகி)

நம் குமரி மாவட்ட மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கேரளத்திலும் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து 52 நாள் தடை. மீன் முட்டையிடும் காலம் அது, தடை வேண்டியதுதான். நாட்டுப்படகு, கட்டுமரம் போகும். அதனால் சந்தையில் மீன் அடியோடு இல்லாமல் போவதில்லை, நெய்மீனும் பாரையும்தான் கைக்கு எட்டாது.

அந்த இரண்டு மாதம் சாளையும் (மத்தி) நெத்தோலியும்தான் நமக்கு. புரதத்தில் சாளை எந்தப் பெரிய மீனுக்கும் குறைந்ததில்லை. மண்சட்டியில் புளி ஊற்றி, முள் மெத்தென்று ஆகும்வரை சிறுதீயில் வைத்தால் முள்ளோடு சாப்பிடலாம், கால்சியமும் சேரும். மரச்சீனியோடு (மரவள்ளிக்கிழங்கு) சாளை வைக்கிற நம் பழக்கத்தில் பொருள் இருக்கிறது: மரச்சீனி வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் புரதம் இல்லையென்றே சொல்லலாம். அந்தக் குறையைத் தீர்ப்பது சாளை. வெறும் மரச்சீனியும் காந்தாரி மிளகுத் துவையலும் மட்டும் கொடுத்துப் பிள்ளை வயிறு நிறைந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

சாளையும் விலை ஏறிய வாரம் முட்டை. ஒரு முட்டையில் 6 கிராமுக்குக் குறையாத புரதம். மீன் வைக்கிற அதே தேங்காய் அரைப்பில், புளிக்குப் பதில் மாங்காய் போட்டு, அவித்த முட்டையைக் கீறிவிடுங்கள். என் மகன் இரண்டு கிண்ணம் குழம்பு கேட்பான்.

மகளுக்கு 15 வயது. காலையில் சாப்பிடுவதில்லை, எப்போதும் சோர்வு. மாதம் 700 ரூபாய்க்குச் சத்துமாவு டப்பா வாங்குகிறோம். தொடரலாமா? (தக்கலை வாசகி)

முதலில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுதியிருப்பார்கள். முதல் மூன்று பெயருக்குள் சர்க்கரை வந்தால், அந்த 700 ரூபாயை மகளுக்கே வேறு விதமாகச் செலவழியுங்கள்.

அதைவிட முக்கியம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இந்த வயதில் பெண்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும், அதே வயதுப் பையனுக்கு 22 போதும். மாதவிடாயில் போவதை ஈடுகட்ட வேண்டும் அல்லவா? அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்கள். அதை வாங்கிப் பையில் போட்டுவிடுகிறாளா, விழுங்குகிறாளா என்று அன்பாகக் கேளுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். காலைச் சாப்பாட்டை விடுகிற பிள்ளை மாத்திரையையும் விடுவது அதனால்தான்.

வீட்டில் முருங்கைக்கீரை, பயறு, கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கூடவே கொய்யாவோ நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ வேண்டாம், ஒரு மணி நேரம் கழியட்டும்.

காலையில் இறங்கவில்லை என்றால் வற்புறுத்தாமல், பஸ்ஸில் வைத்துத் தின்ன ஒரு கேழ்வரகு உருண்டையும் ஒரு மட்டிப்பழமும் கொடுத்தனுப்புங்கள். எடை கூடிவிடும் என்ற பயத்தில் ஒதுக்குகிறாளா என்றும் கவனியுங்கள். அப்படி இருந்தால் சாப்பாட்டு மேசையில் அவள் உடம்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, பாட்டி உட்பட.

தேங்காய் எண்ணெய் விலை ஏறிவிட்டது. பாமாயிலுக்கு மாறலாமா? (குழித்துறை வாசகர்)

2025இல் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது எல்லோருக்கும் வந்த கேள்வி இது. பொரிப்பதற்கு ரேஷன் பாமாயில், தாளிக்க மட்டும் தேங்காய் எண்ணெய் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆளுக்கு மாதம் அரை லிட்டர், எல்லா எண்ணெயும் சேர்த்து. மாத முதல் நாளே அளந்து தனிக் குப்பியில் ஊற்றிவிடுங்கள். சந்தேகமான பெயரில் மலிவாக வருவதை வாங்க வேண்டாம்.

குடும்பக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா? (அருமனை வாசகி)

கஷ்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை, கணக்கைச் சொல்லுங்கள். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை 400 ரூபாயும் பையும் கொடுத்து, வாரத்துக்கான காயை நீயே வாங்கி வா என்று சந்தைக்கு அனுப்பினேன். பட்டியல் கொடுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆகியும் காணோமே என்று வாசலில் நின்றேன். வந்தாள், முகமெல்லாம் வியர்வை. பையில் தடியங்காய், பயத்தங்காய், கீரை, தக்காளி. மேலே ஒரு காலிஃபிளவர், அவளுக்குப் பிடித்தது. மீதி 15 ரூபாயை என் கையில் வைத்துவிட்டு, "தக்காளி நாலு கடையில கேட்டேன்மா, கடைசிக் கடையில ஆறு ரூபா குறைவு" என்றாள். அந்த வாரம் தட்டில் ஒரு துண்டு காய்கூட மிஞ்சவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் கேட்கும் முன்பே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.