வீட்டில் செய்த கருவிக்கு முன்பேனல் எழுத்து: எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்?

கேள்வி: நானே கட்டிய பவர் சப்ளை ஒன்றும் சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் வைத்திருக்கிறேன். பேனலில் மார்க்கர் பேனாவால் எழுதியதெல்லாம் கைபட்டு அழிந்துவிட்டது. லேபிள் பிரிண்டர் வாங்கலாம் என்று பார்த்தால் இரண்டு வகை இருக்கிறது. மையே தேவையில்லை என்று சொல்லி விற்கும், போனோடு இணைகிற சின்ன பிரிண்டர் ஒன்று. கேசட்டில் டேப் போட்டு அச்சடிப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு டேப் செலவு அதிகம். எதை வாங்குவது?

பதில்: கேசட் டேப் வகையையே வாங்குங்கள், அதிலும் லேமினேட் டேப் போடக்கூடியதாகப் பார்த்து.

மை தேவையில்லாத பிரிண்டரில் வேலை செய்வது தாளின் மேல் இருக்கும் ரசாயனப் பூச்சு. சூடு பட்ட இடம் கறுக்கும், அதுதான் எழுத்து. கடை ரசீதும் இதே முறையில்தான் அச்சாகிறது. சில மாதத்தில் அது எப்படி வெளுத்துப்போகிறது என்று பார்த்திருப்பீர்கள். வெயில், சூடு, எண்ணெய்ப் பசை, ஆல்கஹால் எதுவுமே இந்தப் பூச்சுக்கு ஆகாது. ஆம்ப்ளிஃபையர் பேனலோ நாள் முழுக்கச் சூடாக இருக்கும் இடம். அங்கே எழுத்து மங்கும், அல்லது பின்னணியே சாம்பல் நிறமாகும். பிளாஸ்டிக் பூச்சுள்ள லேபிள்கள் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்; ஆனால் அடிப்படை அதேதான். உதிரி பாகங்கள் வைக்கும் டப்பாக்களுக்கு ஒட்ட அந்த பிரிண்டர் போதும். கருவியின் முகத்துக்கு வேண்டாம்.

லேமினேட் டேப்பில் மை ரிப்பனிலிருந்து ஒரு தெளிவான ஃபிலிமின் அடிப்பக்கத்தில் ஏறுகிறது. அதன் பின்னால் பசையுள்ள இன்னொரு பட்டை வந்து ஒட்டிக்கொள்கிறது. எழுத்து இரண்டு அடுக்குக்கு நடுவில் இருப்பதால் நகமோ துடைக்கும் துணியோ அதைத் தொடவே முடியாது. பிரதர் நிறுவனத்தின் டிஇசட்இ லேமினேட் டேப்புகள் இப்படித்தான் செய்யப்படுகின்றன. ஆனால் கவனம்: அதே அளவு கேசட்டில் லேமினேட் இல்லாத டேப்பும் வருகிறது. உறையில் ‘லேமினேட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். வேறு நிறுவனத்தின் மாற்று கேசட் என்றால் ஒரு துண்டு அச்சடித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். எழுத்து கரைந்தால் அந்த டேப் பேனலுக்கு உதவாது.

அகலம் 6 அல்லது 9 மி.மீ. எடுங்கள். 12 மி.மீ. டேப் இரண்டு குமிழ்களுக்கு நடுவில் பெரும்பாலும் இடிக்கும். சின்ன பிரிண்டர்கள் ஒவ்வொரு முறையும் முன்னால் ஏறக்குறைய 25 மி.மீ. டேப்பை வெறுமனே தள்ளிவிடும். அதனால் பத்து சொற்களை இடைவெளி விட்டு ஒரே வரியாக அச்சடித்து, கத்தரியால் வெட்டிக்கொள்ளுங்கள். டேப் செலவு பெரிய அளவில் குறையும். ஒட்டுவதற்கு முன் பேனலை ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். சொரசொரப்பான பவுடர் கோட்டிங் மேல் சாதாரணப் பசை நிற்காது; அதற்கென்று வலுவான பசையுள்ள டேப் தனியாக விற்கிறது.

சரி, இந்த இரண்டு பெட்டிகளோடு வேலை முடிந்துவிடும் என்றால் பிரிண்டரே வேண்டாம். பேனல் முழுவதையும் கணினியில் வரைந்து, நல்ல தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து, மேலே 2 மி.மீ. தெளிவான அக்ரிலிக் தகடு வைத்து, குமிழ் நட்டுகளாலேயே இறுக்கிவிடலாம். பார்க்க மிக நேர்த்தியாக இருக்கும், பிடிக்காவிட்டால் தாளை மட்டும் மாற்றலாம். ஒன்றே ஒன்று: அக்ரிலிக் வாங்குவதற்கு முன், சுவிட்ச், பொட்டென்ஷியோமீட்டர் (குமிழ் மாட்டித் திருப்பி அளவைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) இவற்றின் மரை எவ்வளவு நீளம் என்று அளந்துவிடுங்கள். அலுமினியத்தின் தடிமனோடு அக்ரிலிக்கும் சேரும்போது நட்டு மாட்ட மரை மிஞ்சாமல் போகலாம்.

கேள்வி: கறுப்பு அலுமினியப் பெட்டிக்கு வெள்ளை எழுத்து போட, தண்ணீரில் நனைத்து ஒட்டும் தெளிவான டெக்கால் தாள் வாங்கினேன். இங்க்ஜெட்டில் அச்சடித்தால் வெள்ளை எழுத்து வரவே இல்லை. மஞ்சளில் போட்டுப் பார்த்தேன், ஒட்டியதும் அதுவும் தெரியவில்லை. தாள் மோசமானதா?

பதில்: தாளில் குறையில்லை. வீட்டு பிரிண்டர்களில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை என்று நாம் பார்ப்பதெல்லாம் பிரிண்டர் மை படாமல் விட்ட தாளின் நிறம்தான். தெளிவான ஃபிலிமில் மை படாத இடம் வழியாகப் பெட்டியின் கறுப்புதான் தெரியும். மஞ்சள் மையும் ஒளி ஊடுருவும் மை என்பதால் கறுப்பின் மேல் மறைந்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தை விற்பவர்கள் உறையில் பெரிதாகப் போட்டுவிட்டால் எத்தனையோ பேருடைய பணம் மிஞ்சும்.

கையில் இருக்கும் தாளை வெளிர் நிறப் பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பெட்டிக்கு வெள்ளைப் பின்னணியுள்ள டெக்கால் தாள் வாங்கி, சுற்றிலும் கறுப்பாக அச்சடித்து எழுத்தை மட்டும் வெறுமையாக விடலாம். ஆனால் அச்சுக் கறுப்பும் பெட்டியின் கறுப்பும் ஒத்துப்போவது அபூர்வம், வெட்டிய ஓரத்தில் வெள்ளைக்கோடும் தெரியும். பேனல் முழுவதையும் ஒரே டெக்காலால் மூடினால்தான் இது அழகாக வரும். நான் பரிந்துரைப்பது லேபிள் பிரிண்டரின் கறுப்பு டேப்பில் வெள்ளை எழுத்து, அல்லது தெளிவான டேப்பில் வெள்ளை எழுத்து. இன்னும் உயர்வாக வேண்டுமென்றால், பெயர்ப்பலகை செய்பவர்களிடம் யூவி பிரிண்டர் இருக்கும். அதில் வெள்ளை மை உண்டு, தகட்டின் மேலேயே அச்சடித்துத் தருவார்கள். துளைகளைப் போட்டு முடித்த பிறகு கொடுங்கள். முதலில் ஒரு மூலையில் அச்சடித்து நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சம்மதிப்பவரிடம் கொடுங்கள்.

டெக்கால் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். இங்க்ஜெட்டில் அச்சடித்தால் தண்ணீரில் போடுவதற்கு முன் அக்ரிலிக் தெளிவு ஸ்ப்ரே அடிக்க வேண்டும், இல்லையென்றால் மை ஓடிவிடும். லேசர் டோனருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இங்க்ஜெட்டுக்கான தாளை லேசர் பிரிண்டரில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டில் பூச்சு உருகி பிரிண்டருக்கே சேதம் வரலாம். ஸ்ப்ரேயை முதலில் பனி படிவது போல மெல்லியதாக அடித்து, காயவிட்டு, அப்புறம் அடுத்த கோட்டிங் அடியுங்கள். எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்தால் மை இளகும்.

கேள்வி: எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? குமிழுக்கு மேலேயா, கீழேயா?

பதில்: கை எட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும் கருவிக்கு எழுத்தின் உயரம் 3 மி.மீ. இருந்தால் வசதி. ஆங்கிலப் பெரிய எழுத்து ஏறக்குறைய 12 பாயின்டில் இந்த உயரம் வரும். அளவுகோல் எண்களுக்கு 2 மி.மீ. போதும்.

குமிழுக்கு மேலே எழுதுங்கள். மேசைமேல் இருக்கும் கருவியை மேலிருந்து பார்க்கிறோம், கீழே எழுதினால் குமிழே மறைக்கும். திருப்பும்போது கையும் மறைக்கும். கண் மட்டத்துக்கு மேலே அலமாரியில் வைப்பது என்றால் மட்டும் கீழே.

குமிழைச் சுற்றி 0 முதல் 10 வரை எண்கள் போட்ட ஆயத்த ஸ்டிக்கர் வாங்குவதாக இருந்தால், உங்கள் பொட்டென்ஷியோமீட்டர் எத்தனை டிகிரி சுற்றுகிறது என்று பார்த்து வாங்குங்கள். 270 டிகிரியும் உண்டு, 300 டிகிரியும் உண்டு. மாறிப்போனால் குமிழ் 10-ஐத் தாண்டி நிற்கும், அல்லது 10-ஐ எட்டாமலே நிற்கும். பவர் சப்ளைக்கு ஆயத்த எண்களே வேண்டாம். மீட்டர் வைத்து அளந்து, 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் உண்மையில் எங்கே வருகிறதோ அங்கே குறியுங்கள்.

அச்சடிக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வை நீக்கி 100 சதவீத அளவில் எடுங்கள். ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்து, அச்சான பிறகு ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பிசிபி (மின்சுற்றுப் பலகை) செய்யும் நிறுவனத்திலேயே முன்பேனலையும் பலகையாக ஆர்டர் செய்யலாம் என்கிறார்களே, நல்லதா?

பதில்: ஒரே மாதிரி இரண்டு மூன்று கருவி செய்கிறீர்கள் என்றால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. 1.6 மி.மீ. கண்ணாடி இழைப் பலகை, அதன் மேல் கறுப்பு சோல்டர் மாஸ்க் பூச்சு, வெள்ளையில் அச்சடித்த சில்க்ஸ்கிரீன் எழுத்து, துளைகளும் சரியான இடத்தில் போட்டு வரும். பின்பக்கத்தில் செம்பைப் பரப்பி எர்த்தில் இணைத்தால் மின் இரைச்சலையும் தடுக்கும். பெரும்பாலும் குறைந்தது ஐந்து பலகை எடுக்க வேண்டியிருக்கும். பல இடங்களில் 100 × 100 மி.மீ. தாண்டினால் விலை சட்டென்று ஏறும். அதனால் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை மனதில் வையுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். பல நிறுவனங்கள் தங்கள் ஆர்டர் எண்ணைப் பலகையில் எங்காவது அச்சடித்துவிடும். அது முன்பக்கத்தில் நடு இடத்தில் வந்து உட்கார்ந்தால் பேனலே வீண். எண் வேண்டாம் என்றோ, பின்பக்கத்தில் இந்த இடத்தில் போடு என்றோ சொல்ல வசதி இருக்கிறதா என்று பார்த்துக் குறிப்பிடுங்கள். எழுத்து உயரம் 1 மி.மீ.க்குக் கீழே, கோடு 0.15 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. போனால் எழுத்து உடையும். அகலமான பேனலில் நிறைய சாக்கெட் இருந்தால் செருகும்போது பலகை வளையும், அதற்கு 2 மி.மீ. தடிமன் கேளுங்கள்.

கேள்வி: தேய்த்து ஒட்டும் பழைய லெட்ராசெட் தாள்கள் விற்பனைக்கு வருகின்றன. வாங்கலாமா?

பதில்: எழுத்தின் கூர்மைக்கு அதற்கு ஈடு இல்லை. ஆனால் பசை காய்ந்த தாளில் எழுத்து நொறுங்கும். தாள் எவ்வளவு பழையது, எப்படி வைக்கப்பட்டது என்று விற்பவர் சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். வாங்கினால் ஒட்டியபின் தெளிவு ஸ்ப்ரே கட்டாயம்.

கேள்வி: வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் கருவி என்பதால் தமிழிலேயே எழுத ஆசை. லேபிள் பிரிண்டரில் தமிழ் வருமா?

பதில்: தயவுசெய்து தமிழிலேயே எழுதுங்கள். தட்டச்சுப் பலகையோடு தனியாக இயங்கும் பிரிண்டர்களில் தமிழை எதிர்பார்க்காதீர்கள். கணினியோடு இணைந்து படமாக அச்சடிக்கும் மாடல் வாங்கினால் எந்த எழுத்துருவும் வரும். அப்போது பார்க்க வேண்டியது அச்சின் நுணுக்கம். தொடக்கநிலை பிரிண்டர்கள் பல 180 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 180 புள்ளி), அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு ஏழு புள்ளி. 3 மி.மீ. எழுத்துக்கு 21 புள்ளிதான் கிடைக்கும். அதில் ண, ஞ, ழ போன்ற எழுத்துகளின் வளைவுகள் அடைத்துக்கொள்ளும். தமிழுக்கு 360 டிபிஐ மாடல் கொடுக்கும் கூடுதல் விலைக்குத் தகும். இல்லையென்றால் மெல்லிய கோடுள்ள எழுத்துருவில் 4 மி.மீ. உயரம் வையுங்கள். கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் டேப் அகலமும் ஒரு படி கூடும்.

பிசிபி செய்பவருக்கோ லேசரில் எழுத்து பொறிப்பவருக்கோ கோப்பு அனுப்பினால், இங்க்ஸ்கேப் போன்ற செயலியில் எழுத்துகளை வரைகோடுகளாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். அப்படிச் செய்யாவிட்டால் அவர்கள் கணினியில் ‘கொ’ என்பது மூன்று துண்டாகச் சிதறி வர வாய்ப்புண்டு.

கேள்வி: பேனல் எழுத்துக்காகவே சின்ன டயோடு லேசர் இயந்திரம் வாங்க நினைக்கிறேன்.

பதில்: அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். வெறும் அலுமினியத்தில் அந்த லேசர் ஒன்றும் செய்யாது. வெளிச்சம் திரும்பிப் போய்விடும். கறுப்பு அனோடைஸ் பூச்சு (அலுமினியத்தின் மேல் உருவாக்கிச் சாயம் ஏற்றிய ஆக்சைடு படலம்) இருந்தால் சாயம் வெளுத்து நல்ல வெளிர் எழுத்து கிடைக்கும். அந்தப் பேனலை லேசர் வைத்திருப்பவரிடம் கொடுத்துச் செய்துகொள்வதே லாபம். வாங்கியே தீருவதென்றால், அந்த லேசரின் அலைநீளத்துக்கு ஏற்ற கண்ணாடி அணியுங்கள், பிவிசி அல்லது வினைல் தகட்டை அதில் வைக்கவே வைக்காதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும்.

கேள்வி: பின்பக்கத்துக்கும் லேபிள் தேவையா?

பதில்: முன்பக்கத்தைவிட அங்கேதான் தேவை. முன்பக்கத்தில் எழுத்து இல்லையென்றால் குழப்பம்தான் வரும், பின்பக்கத்தில் இல்லையென்றால் ஆபத்து. எத்தனை வோல்ட் மின்சாரத்துக்கான கருவி, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், அது வேகமாக எரியும் வகையா மெதுவாக எரியும் வகையா என்று ஃபியூஸ் பிடிப்பானுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். டிசி சாக்கெட் இருந்தால் நடு முனை பாசிட்டிவா நெகட்டிவா என்பதையும். சுவிட்ச் குறிகளில் நேர்க்கோடு என்றால் ஆன், வட்டம் என்றால் ஆஃப். பலர் இதை மாற்றி ஒட்டிவிடுகிறார்கள்.

எர்த் போல்ட்டுக்கு அடியில் எந்த லேபிளும் பூச்சும் இருக்கக் கூடாது. பெயின்டும் அனோடைஸ் படலமும் மின்சாரத்தைக் கடத்தாது. அந்த இடத்தில் வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மீட்டர் வைத்துத் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பக்கத்தில் எர்த் குறியை ஒட்டுங்கள்.