மலிவாக வாங்கியும் மிச்சமாகவில்லையே, ஏன்?

கேள்வி: சில மாதங்களுக்கு முன்பு என் கணவரின் வேலை போனது. இப்போது என் ஒருத்தியின் சம்பளத்தில்தான் நால்வர் சாப்பிடுகிறோம். அன்று முதல் மளிகையில் எதை எடுத்தாலும் இருப்பதிலேயே விலை குறைந்ததைத்தான் எடுக்கிறேன். ஆனாலும் மாதக் கடைசியில் எதிர்பார்த்த மிச்சம் கையில் நிற்பதில்லை. புதுத் தேயிலைத்தூள் பிடிக்காமல் கணவர் வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வருகிறார். பிள்ளைகள் மலிவு பிஸ்கட்டைப் பாதி கடித்து வைத்துவிடுகிறார்கள். அரிசியும் சரியாக வருவதில்லை, குழைந்துபோகிறது. பழைய பொருள்களுக்கே திரும்பிவிடலாமா என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதே ஊதாரித்தனமோ என்றும் பயமாக இருக்கிறது. விலை குறைந்த சாப்பாட்டுப் பொருள்களில் எது தேறும், எது தேறாது என்று எப்படிக் கணிப்பது?

பதில்: முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். வருமானம் குறையக் குறைய, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடிக்கொண்டே போகும் என்பதை எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857லேயே குடும்பங்களின் செலவுக் கணக்குகளை வைத்து எடுத்துக்காட்டினார். இன்றைக்கும் பொருளியல் மாணவர்கள் அதை எங்கெல் விதி என்றே படிக்கிறார்கள். உங்கள் சம்பளத்தில் பெரும்பகுதியை மளிகை விழுங்குகிறதென்றால், நீங்கள் செலவாளி என்று அதற்குப் பொருள் இல்லை. வருமானம் சுருங்கியிருக்கிறது, வயிறுகள் சுருங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் கணக்கு தவறான இடத்தில் நின்றுவிட்டது. கடையில் கொடுக்கும் விலையோடு நீங்கள் கணக்கை முடித்துவிடுகிறீர்கள். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் ஒரு பொருளின் உண்மையான விலை தெரியும். எத்தனை பேர், எத்தனை வேளை, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள் என்பதைக் கொண்டு வகுத்தால் கிடைப்பதுதான் அந்த விலை. உங்கள் கடிதத்தில் இருக்கும் மூன்று சிக்கல்களையும் இந்த ஒரே அளவுகோலால் அளந்துவிடலாம்.

தேநீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பணம் அதிகம் ஒழுகுவது அங்கேதான். தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 3103 என்ற பன்னாட்டு நெறிமுறை, 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள் என்று அளவு வைத்திருக்கிறது. வீட்டில் ஒரு சிறு கோப்பைக்கு அதையே எடுத்துக்கொண்டால் 250 கிராம் பொட்டலத்தில் 125 கோப்பை வரும். பழைய தூளின் விலை 100, புதுத் தூளின் விலை 60 என்று வைத்துக்கொள்வோம். பொட்டலத்தைப் பார்த்தால் 40 மிச்சம், பெரிய தொகைதான். கோப்பைக்கு வகுத்தால் பழையதில் 0.80, புதியதில் 0.48. ஆக ஒரு கோப்பைக்கு மிச்சம் வெறும் 0.32. வெளியில் ஒரு தேநீர் 10 என்றால், உங்கள் கணவர் ஒரு முறை வெளியே குடிக்கும்போது, வீட்டில் ஏறக்குறைய 31 கோப்பையில் நீங்கள் சேர்த்தது போய்விடுகிறது. அந்த வேளைக்கான வீட்டுப் பாலும் சர்க்கரையும் மிச்சமாகுமே என்று கழித்துக்கொண்டாலும் கணக்கு உங்கள் பக்கம் திரும்பாது. இந்த எண்கள் நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலைகளைப் போட்டுப் பாருங்கள், விடை அநேகமாக இதே திசையில்தான் வரும். ஒரு கோப்பைத் தேநீரின் செலவில் தூளின் பங்கு சிறியது. சிறிய பங்கில் கஞ்சம் பிடித்து, முழுக் கோப்பையையும் வெளியில் வாங்க நேர்ந்தால் அது சிக்கனம் ஆகாது.

கணவர் மீது கோபப்படவும் வேண்டாம். வேலை இழந்த மனிதருக்கு ஒரு நல்ல தேநீர் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உங்களுக்கே தெரியும்.

அதற்காகப் பழைய தூளுக்கே கண்ணை மூடிக்கொண்டு திரும்பவும் சொல்ல மாட்டேன். பழையதற்கும் புதியதற்கும் இடைப்பட்ட விலையில் இரண்டு மூன்று தூள்கள் இருக்கும். அவற்றைச் சோதித்துப் பாருங்கள், ஆனால் விலை தெரியாமல் சோதியுங்கள். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. ஒரே மதுவை ஒரு முறை குறைந்த விலை சொல்லியும், இன்னொரு முறை பல மடங்கு விலை சொல்லியும் கொடுத்தார்கள். விலை கூடுதல் என்று நம்பிக் குடித்தபோது அது அதிகம் பிடித்திருப்பதாகக் குடித்தவர்கள் சொன்னார்கள். மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதியின் செயல்பாடும் கூடியிருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் உணர்ந்த இன்பத்தை விலை உண்மையாகவே மாற்றிவிட்டது. உங்கள் வீட்டிலும் ‘இது மலிவுத் தூள்’ என்ற எண்ணம் முதல் மிடறுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கலாம்.

உணவுத் துறையில் இதற்கு முக்கோணச் சோதனை என்று ஒரு முறை உண்டு, வீட்டிலேயே செய்யலாம். ஒரே மாதிரியான மூன்று கோப்பைகள் எடுங்கள். இரண்டில் ஒரு தூள், ஒன்றில் மற்றொரு தூள். வழக்கமாகக் குடிப்பது போலவே பாலும் சர்க்கரையும் கலந்து, ஒரே சூட்டில் கொடுங்கள். எதில் எது என்பது ஊற்றியவருக்கு மட்டும் தெரிய வேண்டும், அவர் குடிப்பவர் முன் நிற்கவும் கூடாது. முகமே காட்டிக்கொடுத்துவிடும். மூன்றில் எது வேறு என்று மட்டும் கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால், இடம் மாற்றி வைத்து மூன்று சுற்று செய்யுங்கள். மூன்று சுற்றிலும் தற்செயலாகச் சரியாக வர 27இல் ஒரு வாய்ப்புதான். மூன்றிலும் சரியாகக் கண்டுபிடித்தால் அவருக்கு வித்தியாசம் உண்மையாகத் தெரிகிறது, அந்தப் பொருளில் அவரை வற்புறுத்தாதீர்கள். தடுமாறினால் மலிவானதை நிம்மதியாக வாங்குங்கள். எது பிடிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்பது வீட்டுச் சண்டையையும் குறைக்கும்.

சோதனை செய்யும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பொடித் துகளாக இருக்கும் தேயிலை சீக்கிரம் நிறமும் கடுப்பும் இறங்கும், இலையாக இருப்பதற்கு நேரம் வேண்டும். ஆகவே இரண்டு தூள்களைக் கிராமுக்குக் கிராம் ஒப்பிடாதீர்கள். உங்களுக்குப் பிடித்த கடுப்பு வர எது எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்த்து, கோப்பைக்கு விலை போடுங்கள்.

எல்லாப் பொருளுக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் சுக்ரோஸ் என்ற ஒரே பொருள்தான். தயாரிப்பாளர் பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது மாறுவதில்லை, இருப்பதிலேயே மலிவானதை எடுத்துக்கொள்ளலாம். உப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஒரே நிபந்தனை: அயோடின் சேர்த்ததாக இருக்க வேண்டும். உப்பில் மிச்சமாகும் தொகை அற்பம், அயோடின் குறைபாடோ வளரும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

அரிசிக்கு வருவோம். குழைந்துபோகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அரிசியின் குற்றமாக இல்லாமல், நீங்கள் ஊற்றும் தண்ணீரின் குற்றமாகவும் இருக்கலாம். அறுவடையாகி நாள்பட்ட பழைய அரிசி அதிகத் தண்ணீர் இழுத்து, உதிரியாக, நிறையப் பொங்கும். புது அரிசிக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை. பழைய அரிசிக்குப் பழகிய அளவையே புது அரிசிக்கும் ஊற்றினால் குழையத்தான் செய்யும். விலை குறைந்த அரிசியில் நொய்யும் அதிகமாக இருக்கும். உடைந்த மணி சீக்கிரம் வெந்து மாவை வெளியே விடுவதால் சோறு ஒட்டிக்கொள்ளும். நொய்யைச் சலித்துத் தனியே வைத்துக் கஞ்சிக்குப் பயன்படுத்துங்கள், சத்தில் அது முழு அரிசிக்குக் குறைந்தது இல்லை. இரண்டு மூன்று முறை தண்ணீரைக் குறைத்து வைத்துப் பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் மட்டும் மாற்றுங்கள். மூட்டையாக வாங்குவதற்கு முன்னால் ஒரு கிலோ வாங்கி, கல், தூசி, கருப்பு மணி எல்லாவற்றையும் பொறுக்கிய பிறகு எவ்வளவு தேறுகிறது என்று எடை போடுங்கள். கிலோவுக்கு 50 கிராம் கழிந்தால், சொன்ன விலையைவிட ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள்.

பிஸ்கட் கணக்கு இன்னும் எளிது. 100 விலையுள்ளதற்குப் பதில் 60க்கு வாங்கினீர்கள். மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போனால் தின்ற பங்கின் விலை 90 ஆகிவிடுகிறது. பாதி போனால் 120, பழையதைவிட அதிகம். ஆனால் இங்கே பழைய பிஸ்கட்டுக்குத் திரும்புவதைவிட, பிஸ்கட்டே தேவையா என்று கேட்பது நல்லது. பொட்டலத்தைத் திருப்பி, சேர்பொருள்களின் பட்டியலைப் படியுங்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 1963இல் உருவாக்கிய, உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையத்தின் பொட்டல விவரச்சீட்டு நெறியின்படி, எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும், பல நாடுகளின் சட்டங்களும் இதையே பின்பற்றுகின்றன. முதல் மூன்று பெயர்களில் மைதா, சர்க்கரை, கொழுப்பு என்று இருந்தால், விலை எதுவானாலும் நீங்கள் வாங்குவது அந்த மூன்றைத்தான்.

பழத்தின் படம் போட்ட பானங்களையும் இப்படியே திருப்பிப் பாருங்கள். முதலில் தண்ணீர், அடுத்து சர்க்கரை என்று இருந்தால் அது பழத்தின் விலையில் விற்கப்படும் சர்க்கரைத் தண்ணீர். சாதாரணக் குளிர்பானத்தின் 330 மில்லி தகரக் குவளை ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கும். சேர்க்கப்படும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஐந்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு ஐந்து சதவீதம் என்பது சுமார் 25 கிராம். ஒரே குவளையில் அந்த அளவு தாண்டிவிடுகிறது. பானத்துக்கு ஒதுக்கிய பணத்தை நிறுத்தினால் அதில் பிள்ளைகளுக்கு முழுப் பழமோ முட்டையோ வாங்க முடியும். இந்த ஒரு மாற்றத்தை நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

முட்டை என்றதும் புரதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் பணம் குறையும்போது தட்டில் முதலில் குறைவது அதுதான். 100 கிராம் காய்ந்த பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 மில்லி பாலில் மூன்றேகால் கிராம் அளவு. அதாவது 100 கிராம் பருப்பு, நான்கு முட்டை, முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான பால் ஆகிய மூன்றிலும் புரதம் கிட்டத்தட்ட ஒன்று. உங்கள் கடை விலையை இந்த மூன்று அளவுகளுக்கும் போட்டுப் பாருங்கள், எது மலிவு என்று உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் பருப்புதான் முன்னால் நிற்கும். தானியத்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் அதன் புரதத்தில் உள்ள குறையையும் தானியம் நிரப்பிவிடும். இருந்தாலும் பிள்ளைகளின் முட்டையையும் பாலையும் முழுவதுமாக வெட்டிவிடாதீர்கள், பருப்பில் இல்லாத பி12 வைட்டமின் அவற்றில் இருக்கிறது. பால் என்ற பெயரில் மாவுப் பானம் வாங்குவதும் பால் வாங்கியதாக ஆகாது.

பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நம்ப வேண்டாம். கிலோவுக்கோ லிட்டருக்கோ வகுத்துப் பார்த்தால் சில நேரம் சிறியது வெல்லும். விலையை அப்படியே வைத்துவிட்டு எடையை மட்டும் குறைப்பதும் நடக்கிறது, போன மாத எடையை ஒரு தாளில் குறித்து வையுங்கள். எண்ணெயைத் திறந்து நெடுநாள் வைத்தால் சிக்கு வாடை வரும் என்பதால் மாதத்துக்குள் தீரும் அளவே போதும்.

சில இடங்களில் மலிவைத் தேடவே கூடாது. உப்பிய தகர டப்பா பாதி விலைக்குக் கிடைத்தாலும் தொடாதீர்கள், உள்ளே உயிரைப் பறிக்கும் நச்சு இருக்கலாம். பூசணம் பிடித்த நிலக்கடலையையும் தானியத்தையும் கழுவி வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சில பூசணங்கள் உண்டாக்கும் அஃப்லடாக்சின் என்ற நச்சு வீட்டு அடுப்பின் சூட்டில் முழுமையாக அழிவதில்லை. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத சில்லறை எண்ணெயும் வேண்டாம். தேதி நெருங்கியதால் விலை குறைத்த பொருள் வேறு வகை. ‘இதற்கு முன் பயன்படுத்தினால் சிறந்தது’ என்றிருந்தால் அது சுவையும் தரமும் பற்றிய தேதி, பொட்டலம் நன்றாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். ‘இதற்குள் பயன்படுத்தவும்’ என்றிருந்தால் அது பாதுகாப்பு பற்றியது, அதைத் தாண்டாதீர்கள்.

பழையதற்குத் திரும்புவது ஊதாரித்தனமா என்று கேட்டீர்கள். எல்லாவற்றிலும் திரும்பினால் பணம் போதாது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொருள் என்று விட்டுக்கொடுங்கள்: கணவருக்குத் தேயிலைத்தூள், பிள்ளைகளுக்கு அவர்களே தேர்ந்தெடுக்கும் ஒன்று, உங்களுக்கும் ஒன்று. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எல்லோருக்கும் எது பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கு எது பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பத்தை ஓட்டுபவர் தன் பங்கை முதலில் வெட்டிக்கொள்வார், அது நெடுநாள் தாங்காது. இந்த ஒவ்வொன்றுக்கும் ஆகும் கூடுதல் தொகையை மளிகைக் கணக்கில் தனி வரியாக எழுதுங்கள். எழுதிவைத்து வாங்கினால் அது திட்டமிட்ட செலவு.

இந்த வாரம் தேயிலைத்தூளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அரிசியின் தண்ணீர் அளவு. குப்பைக்கூடையில் என்னென்ன விழுகிறது என்பதை இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் எழுதி, அதற்கு எதிரே வாங்கிய விலையைப் போடுங்கள். மாதக் கடைசியில் காணாமல்போகும் பணத்தில் ஒரு நல்ல பகுதி அந்தத் தாளில் இருக்கும் என்று நினைக்கிறேன். மீதி எங்கே போகிறது என்பதை வெளியில் குடித்த தேநீர்க் கணக்கு சொல்லும்.