15 வருசமா வெட்டாத ரோசா மரத்தைப் புடுங்கிறதோ, வெட்டிக் காப்பாத்தலாமோ?

நீங்கள் கேட்டது, யாழ்ப்பாணத்தில அம்மம்மாவின்ர வீட்டு முத்தத்தில 4 ரோசா மரம் 15 வருசமா ஒருத்தரும் கைவைக்காமல் ஆளுயரத்துக்கு மேல பத்தையா வளந்து கிடக்கு, அடி முழுக்கக் காஞ்ச தடி, உச்சியில மட்டும் ஒண்டு ரெண்டு பூ, வீடு திருத்திற மேசன் புடுங்கி எறியச் சொல்லுறார், என்ன செய்யிறது எண்டு.

புடுங்காதேங்கோ. 15 கோடையை எங்கட கிணத்துத் தண்ணியோடயும் தண்ணி இல்லாமலும் தாண்டின வேர் அது, காசு குடுத்து வாங்கேலாது. திருவிழாக் கடையளிலயும் றோட்டுக் கரையிலயும் பூவோட வைச்சு விக்கிற ஒட்டுக் கண்டுகள் கனக்க மலைநாட்டுக் குளிருக்குள்ள வளந்து வாறது, வாங்கேக்க நல்ல வடிவு, இஞ்ச முதல் கோடையிலயே பட்டுப்போறதை நான் எத்தினையோ வீட்டில பாத்திட்டன்.

ஆனா ஒண்டு, ஒரே நாளில வெட்டி முடிக்க நினைக்காதேங்கோ. நான் இதை என்ர மாமி வீட்டு மரத்தில பட்டுத்தான் படிச்சனான். மாமியவை பிள்ளையளோட வெளிநாடு போன பிறகு கோப்பாய் வளவைப் பாக்கிற பொறுப்பு எனக்கு வந்தது, கிணத்தடியில ரெண்டு ரோசா, மதிலோட ஒண்டு. ஒரு வருசப்பிறப்புக்கு வளவு துப்பரவாக்கேக்க கிணத்தடி மரம் ஒண்டை முழங்கால் உயரத்துக்குத் தறிச்சுவிட்டன், ஒரு இலை மிச்சம் விடேல்ல. ஏப்ரல் 5 இல இருந்து 15 வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேர உச்சியில நிக்கிற நாள், அதுவரைக்கும் தன்ர இலை நிழலுக்குள்ள இருந்த பழைய தடியெல்லாம் திடீரெண்டு வெயிலுக்கு வந்திட்டுது, மேற்குப் பக்கத்துத் தோல் கறுத்து வெடிச்சு, வந்த ரெண்டு மூண்டு குருத்தும் கருகி, வைகாசி முடியிறதுக்குள்ள மரம் செத்துப்போச்சு. மாமி கலியாணம் முடிச்சு வந்த புதுசில தடி நட்டு வளத்த மரம் அது. அவவுக்குப் போனில சொல்ல எனக்கு ஒரு மாசம் பிடிச்சுது.

மற்ற ரெண்டும் இண்டைக்கும் நிக்குது, மூண்டு தைக்குப் பிரிச்சு வெட்டினபடியால்.

தை எண்டு ஏன் சொல்லுறன் எண்டால், குளிர் நாட்டில ரோசா இலை கொட்டி நித்திரை கொள்ளுற காலத்தில வெட்டுவினம், எங்கட மரத்துக்கு அப்பிடி ஒரு நித்திரை இல்லை, அதால மண் ஈரமாயும் வெயில் தணிஞ்சும் இருக்கிற நாளைத்தான் நாங்கள் பிடிக்கோணும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள்ள வெட்டினால் வெட்டுவாய் காயாமல் பங்கசு பிடிச்சு நுனியில இருந்து கீழ கறுத்துக்கொண்டு வரும். மாரி ஓய்ஞ்சு பொங்கல் முடிஞ்ச கையோட வெட்டினால் குருத்து முத்தி நிக்கத்தான் சித்திரை வெயில் வரும்.

வெட்ட முதல் ரெண்டு வேலை இருக்கு. ஒண்டு, பென்சில் மொத்தத்தில பூத்து முடிஞ்ச தடியில 6, 8 அங்குலத் துண்டா ஒரு பத்து வெட்டி, மேல ரெண்டு இலை மட்டும் விட்டு, மண்ணும் மணலும் கலந்த பையில அரைவாசி தாழ நட்டு நிழலில வையுங்கோ. பெரிய மரம் ஏதும் செத்தாலும் அம்மம்மாவின்ர பூ கையை விட்டுப் போகாது. நான் அண்டைக்கு இதைச் செய்திருந்தா அந்தக் கிணத்தடி மரத்தின்ர பிள்ளை ஒண்டாவது இப்ப இருந்திருக்கும்.

ரெண்டாவது, அடி மண்ணைக் கையால விலக்கிப் பாருங்கோ. ஒட்டு மரமெண்டால் நிலமட்டத்துக்குக் கிட்ட ஒரு பெரிய முடிச்சு இருக்கும். அந்த முடிச்சுக்குக் கீழ இருந்து வாற கொப்பு உங்கட ரோசா இல்லை, அடிக்கண்டின்ர, அதாவது உங்கட ரோசாவைக் கொண்டுவந்து ஒட்டின கீழ் மரத்தின்ர, காட்டுக் கொப்பு, அதுதான் மேல் மரத்தின்ர சத்தை உறிஞ்சி அதைச் சாகடிக்கிறது. கன வீட்டில "முந்தி பெரிய சிவப்பு ரோசா பூத்தது, இப்ப சின்னப் பூவாப் போச்சு" எண்டு சொல்லுறதின்ர காரணம் இது, பூ மாறேல்ல, ஒட்டினது செத்து அடிக்கண்டு மரமாயிட்டுது. அந்தக் கொப்பைக் கத்தரியால வெட்டினால் திரும்பவும் ரெண்டு மடங்கா வரும், வேரில முளைச்ச இடம் வரைக்கும் மண்ணைக் கிண்டி கீழ்நோக்கி இழுத்துப் பிய்க்கோணும். முடிச்சே இல்லாட்டி அது தடியில இருந்து வந்த மரம், பழைய பன்னீர் ரோசா கனக்க அப்பிடித்தான், அதில அடியில இருந்து வாற ஒவ்வொரு குருத்தும் பொன், தப்பித்தவறியும் பிய்ச்சுப்போடாதேங்கோ.

பிறகுதான் கத்தரி. நல்ல கூரான பூமரக் கத்தரி, பெருவிரலிலும் மொத்தமான தடிக்கு ஒரு சின்னக் கைவாள், முழங்கை வரைக்கும் மூடின சேட்டு. ஒரு மரத்தில இருந்து மற்றதுக்குப் போகேக்க கத்தரி வாயை ஸ்பிரிட்டால துடையுங்கோ. முதல் வருசத்து வெட்டில, செத்த தடி எல்லாம் வெளிய, ஒண்டோட ஒண்டு உரசுற கொப்பில மெல்லியது வெளிய, அதோட ஆகப் பழைய தடி ஒண்டே ஒண்டு அடியோட வெளிய. இலையில அரைவாசியாவது மரத்தில மிஞ்சோணும், அந்த இலைதான் புதுக் குருத்துக்குச் சோறு போடுறது.

எது செத்தது எது உயிர் எண்டு வெளியில பாத்தாத் தெரியாது, பழைய தடி எல்லாம் ஒரே சாம்பல் நிறம். வெட்டின முகத்தைப் பாருங்கோ. மதிலோட நிண்ட மரத்தில ஒரு தடியை நெஞ்சளவில வெட்டினன், நடுச்சோத்தி ஊறின தேயிலைச் சாயத்தில இருந்தது, நாலு விரல் கீழ வெட்டினன் கொஞ்சம் வெளிறினது, இன்னும் ஒரு சாண் கீழ போய் வெட்டேக்கதான் உரிச்ச மரவள்ளிக் கிழங்கு மாதிரி வெள்ளையா, ஓரம் பச்சையா, கைக்குக் குளிரா இருந்தது. அந்த இடத்தில நிப்பாட்டுங்கோ. நடு மண்ணிறமா இருக்கிற மட்டும் கீழ இறங்கத்தான் வேணும், பாவம் பாத்து மேல விட்டால் அந்தக் கறுப்புத் தானாக் கீழ இறங்கும். கடைசி வெட்டு வெளிப்பக்கம் பாக்கிற ஒரு கணுவுக்கு கால் அங்குலம் மேல, கணுப்பக்கம் உயரமாச் சரிச்சு. பழைய தடியில கணுவே தெரியாது, தோலில மெல்லிய ஒரு வளையக் கோடு இருக்கும், அதுக்கு மேல வெட்டினால் போதும், உள்ள நித்திரையில கிடக்கிற முளை எழும்பும். எனக்கு ரெண்டாம் கிழமை முடியேக்க அந்தச் சாம்பல் தோலை முட்டிக்கொண்டு குத்தரிசி அளவில ஒரு சிவப்பு தெரிஞ்சுது, காலமை தண்ணி விடப்போனவன் வாளியை வைச்சிட்டு அதைப் பாத்துக்கொண்டே நிண்டிட்டன்.

மொத்த வெட்டுவாய்க்கு மட்டும் கொப்பர் பங்கசுநாசினியைக் களி மாதிரிக் குழைச்சுப் பூசுங்கோ. பழைய தடியில சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளையாப் பொருக்கு இருந்தால் அது நோயில்லை, செதில் பூச்சி, பழைய பல்லுத்தூரிகையால சவுக்காரத் தண்ணி தொட்டுத் தேய்ச்சுக் கழட்டிப்போட்டு பின்னேரத்தில வேப்பெண்ணெய் அடியுங்கோ. இதை விட்டிட்டு என்ன பசளை போட்டும் பிரயோசனம் இல்லை. மாசிப்பனி மூசிப் பெய்யும் எண்டு சொல்லுறது சும்மா இல்லை, அந்தப் பனி ஈரத்திலதான் இளம் இலையில கரும்புள்ளியும் சாம்பல் நோயும் வரும், விழுந்த இலையை அடியில கிடக்க விடாமல் கூட்டி எரியுங்கோ, தண்ணியை இலையில படாமல் அடியில விடுங்கோ.

பசளைக் கதைக்கு வாறன், இதில எனக்குக் கன நாள் ஆதங்கம். வீடியோவில எல்லாம் ரோசாவுக்கு முட்டைக்கோதும் அடுப்புச் சாம்பலும் போடச் சொல்லுவினம். மற்ற ஊர் மண்ணுக்கு அது சரியா இருக்கலாம், எங்கட குடாநாடு இருக்கிறதே சுண்ணாம்புக் கல்லுக்கு மேல, கிணத்துத் தண்ணியைக் கேத்தலில கொதிக்க வைச்சால் அடியில வெள்ளையாப் படியுதே அதுவும் சுண்ணாம்புதான். ரோசாவுக்குப் பிடிச்சது கொஞ்சம் புளிப்பான மண், பிஎச் 6, 6.5 அளவு. சுண்ணாம்பு கூடினால் மண்ணுக்குள்ள இரும்பு இருந்தும் வேரால எடுக்கேலாது, இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், சனம் அதைப் பாத்திட்டு யூரியா போடும். தயவுசெய்து சாம்பலும் கோதும் போடாதேங்கோ. நல்லா உக்கின மாட்டெருவோ ஆட்டெருவோ, குருத்து ரெண்டு மூண்டு அங்குலம் வந்த பிறகு மரத்துக்கு ஒரு வாளி, அடித்தண்டில முட்டாமல் ஒரு முழம் தள்ளி. பச்சை எரு வேரைச் சுடும். அதுக்கு மேல பூவரசங்குழையோ கிளிசெறியாக் குழையோ பழைய பனையோலையோ பரப்பிவிடுங்கோ, எங்கட தோட்டக்காரர் ஓலையும் குழையும் மண்ணுக்குள்ள புதைக்கிறது இந்த மண்ணைப் பதப்படுத்தத்தான். மஞ்சள் மாறாட்டி விவசாயக் கடையில இரும்பு கீலேட் எண்டு, வேர் எடுக்கக்கூடிய மாதிரி இருக்கிற இரும்புச் சத்தைக் கேளுங்கோ, அதில ஈடிடிஎச்ஏ எண்டு போட்டிருக்கிறதைப் பாத்து வாங்குங்கோ, மற்றது சுண்ணாம்பு மண்ணில நிண்டு பிடிக்காது. கடற்கரைப் பக்கத்து வீடெண்டால் கோடையில கிணறு உவர்க்கும், இலை ஓரம் கருகும், மாரி மழைதான் அந்த உப்பைக் கழுவும், முடிஞ்சால் பீலித் தண்ணியைப் பிடிச்சு வையுங்கோ.

பங்குனியில இருந்து மேற்குப் பக்கம் ஒரு கிடுகு கட்டிவிடுங்கோ. அடியில இருந்து சிவப்பா மொத்தமா ஒரு குருத்து வந்தால் அதுதான் உங்கட அடுத்த மரம், இடுப்பளவு வந்தவுடன நுனியைக் கிள்ளுங்கோ, அடுத்த தைக்கு அதை நம்பி இன்னொரு கிழவித் தடியை அடியோட எடுக்கலாம், அதுக்கடுத்த தைக்கு மிச்சம். மதிலில ஏறுற சாதியெண்டால் இவ்வளவு வெட்டத் தேவையில்லை, நீளத் தடியளை வளைச்சு மதிலோட படுக்கக் கட்டுங்கோ, ஒவ்வொரு கணுவிலயும் பூக் கொப்பு வரும். இடையில பூத்த கொப்பை நுனியில ரெண்டு மூண்டு இலையோட கிள்ளினால் போதும், அண்டையில இருந்து ஆறேழு கிழமையில அடுத்த பூ. நல்லூர்த் தேருக்குப் பூ வேணுமெண்டால் அதைக் கணக்குப் பண்ணிக் கிள்ளுங்கோ, மாமி போன வருசம் வந்து நிக்கேக்க நான் அப்பிடித்தான் செய்தனான், தேரண்டு காலமை மதிலடி மரத்தில பூத்ததைத் தன்ர கையால ஆய்ஞ்சுகொண்டு போனவ.

மேசனை அந்தப் பக்கம் சீமெந்து குழைக்க மட்டும் விடாதேங்கோ, அதிலயும் சுண்ணாம்பு இருக்கு. 4 மரத்திலயும் அடி மண்ணை விலக்கிப்போட்டு ஒவ்வொரு படம் எடுத்துப் போடுங்கோ, முடிச்சு எங்க இருக்கு, எந்தக் கொப்பு காட்டுக் கொப்பு எண்டு பாத்துச் சொல்லுறன், அதுவரைக்கும் கத்தரி வைக்காதேங்கோ.