ஜெயில் மாதிரி இருப்பது ஜெயில் இல்லை

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் டவுன்டவுனில், ராஸ் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு வீடு அமைந்திருக்கிறது. ஆபீஸுக்கு நடந்தே போகலாம், வாடகையும் கட்டுப்படியாகிறது. ஆனால் ஜன்னலுக்கு எதிரே கோட்டை மதில் மாதிரி ஒரு கல் கட்டடம். பழைய கவுன்ட்டி ஜெயில், அதாவது நம்மூர் மாவட்டச் சிறை மாதிரி, என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊரிலிருந்து அம்மா வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு, "கைக்குழந்தையோட ஜெயிலுக்கு எதிர்லயா குடித்தனம்?" என்று கேட்கிறார். அடுத்த மாதம் மனைவியும் குழந்தையும் வருகிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கலாமா, வேண்டாமா?

தாராளமாகக் கொடுங்கள். 1995-லேயே கைதிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். 2000-த்திலிருந்து அங்கே நடப்பது குடும்ப நீதிமன்றம். விவாகரத்து, பிள்ளை யாரிடம் இருப்பது, ஜீவனாம்சம் மாதிரியான வழக்குகள். அம்மாவிடம் "கோர்ட்டுக்கு எதிர் வீடு" என்று சொல்லுங்கள், பொய்யும் ஆகாது.

இப்போதைய ஜெயில் எது தெரியுமா? செகண்ட் அவென்யூவில், மொனாங்கஹேலா ஆற்றை ஒட்டி நிற்கும் உயரமான செங்கல் நிறக் கட்டடம். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து, ஆற்றைப் பார்த்த அபார்ட்மென்ட், நல்ல இடம் என்று நினைத்துக்கொள்வது இங்கே சகஜம். நீங்கள் பயந்ததைப் பார்த்தால், உங்கள் ஊர்க்காரர்கள் யாராவது அந்தக் கட்டடத்தில் வீடு கிடைக்குமா என்று விசாரித்தாலும் ஆச்சரியமில்லை.

இன்னொன்று. கவுன்ட்டி ஜெயில் என்றதும் நம் மனதில் புழல், பாளையங்கோட்டை என்று வந்துவிடுகிறது. அந்த மாதிரி நீண்ட தண்டனைக்காரர்களை வைக்கும் சிறைகள் இங்கே மாநில அரசின் கையில், பெரும்பாலும் ஊரை விட்டுத் தள்ளி இருக்கும். கவுன்ட்டி ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் விசாரணைக் கைதிகள், ஜாமீன் கிடைக்காதவர்கள், குறைந்த காலத் தண்டனைக்காரர்கள். தினமும் கோர்ட்டுக்குக் கூட்டிப் போக வேண்டியவர்கள் என்பதால்தான் ஜெயிலைக் கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே, நடு ஊரில் கட்டினார்கள். உங்கள் தெருவுக்கு மேலே ஒரு மூடிய கல் பாலம் போகிறதே, அது இதற்காகத்தான். கைதியைத் தெருவில் இறக்காமலேயே ராஸ் ஸ்ட்ரீட்டுக்கு மேலாகக் கோர்ட்டுக்குள் கொண்டுபோய்விடலாம். வெனிஸ் நகரத்துப் பெருமூச்சுப் பாலத்தின் பெயரையே இதற்கும் வைத்திருக்கிறார்கள்.

1882-ல் பழைய கோர்ட்டுக் கட்டடம் தீயில் போய்விட்டது. புதிதாகக் கோர்ட்டையும் ஜெயிலையும் சேர்த்துக் கட்டப் போட்டி வைத்து, பாஸ்டன் பக்கம் புரூக்லைனில் இருந்த ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சனைத் தேர்ந்தெடுத்தார்கள். லூசியானாவில் பிறந்து, ஹார்வர்டில் படித்து, பாரிஸ் போய்க் கட்டடக்கலை கற்றவர். பாஸ்டன் டிரினிட்டி சர்ச் அவருடையதுதான். கனத்த கல், அரைவட்ட வளைவு, குட்டையான தூண்கள் என்று அவர் கட்டிய பாணிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 1886-ல் ஜெயில் முடிந்தது. அதே வருடம் ஏப்ரலில், 47 வயதில், சிறுநீரக நோயில் ரிச்சர்ட்சன் போய்விட்டார். பிட்ஸ்பர்க்கை முடிக்கும்வரை உயிரோடு இருந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் ஆபீஸில் இருந்தவர்கள் 1888-ல் கோர்ட்டை முடித்தார்கள்.

பார்ப்பவர்கள் எல்லாம் கோர்ட்டின் கோபுரத்தைத்தான் போட்டோ எடுப்பார்கள். என்னைக் கேட்டால் ஜெயில் மதில்தான் உசத்தி. ஒரு நாள் மதிலுக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். மாசசூசெட்ஸின் மில்ஃபோர்டிலிருந்து வந்த இளஞ்சிவப்புக் கருங்கல். இழைத்து மெருகேற்றாமல், உடைத்த முகத்தை அப்படியே வெளியே தெரிய விட்டிருக்கிறார்கள். ஆனால் கல்லும் கல்லும் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள், வேலை அவ்வளவு சுத்தம். பூ இல்லை, சிலை இல்லை, ஒரு அலங்காரமும் இல்லை. வாசலில் மட்டும் ஒரு பெரிய வளைவு. அந்த வளைவின் ஒவ்வொரு கல்லும் நீளமான ஆப்பு மாதிரி விசிறியாக விரிந்து, மதிலையே பாதி தின்றுவிடுகிறது. உள்ளே போகிறவன் வாசலிலேயே அடங்கிவிட வேண்டும் என்று கட்டியது. உங்கள் அம்மா பயந்தார் என்றால், ரிச்சர்ட்சன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

மதிலுக்குள் கட்டடம் சிலுவை வடிவத்தில் கிளை பிரிகிறது. நடுவில் எண்கோணக் கூடம். அங்கே நிற்கும் காவலாளிக்கு எல்லாக் கிளைகளும் கண்ணில் படும். அறைகளை வெளிச்சுவரை ஒட்டி வைக்கவில்லை. கிளையின் நடுவில் முதுகோடு முதுகாக அடுக்கியிருந்தார்கள். கைதி கம்பியை அறுத்து வெளியே வந்தாலும் இன்னும் கட்டடத்துக்குள்தான் இருப்பான். வெளிச்சுவரில் உயரமான வளைவு ஜன்னல்கள், வெளிச்சத்துக்காக. 1900-களின் தொடக்கத்தில் ஆஸ்டர்லிங் என்ற உள்ளூர் கட்டடக்கலைஞர் அதே கல்லில், அதே போக்கில் விரிவாக்கினார். எது பழசு எது புதுசு என்று சுலபத்தில் பிரித்துச் சொல்ல முடியாது.

இவ்வளவு கெட்டியான ஜெயிலிலிருந்தும் தப்பினார்கள். 1902 ஜனவரி, நல்ல பனிக்காலம். எட், ஜாக் பிடில் என்று அண்ணன் தம்பி இருவர், தூக்குத் தண்டனைக் கைதிகள். ஜெயில் வார்டன் பீட்டர் சோஃபலின் மனைவி கேட், கைதிகளுக்கு பைபிள் படித்துக் காட்டப் போனவர், எட் மேல் மனதைப் பறிகொடுத்துவிட்டார். ரம்பமும் துப்பாக்கியும் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்து, புருஷன் பிள்ளைகளை விட்டுவிட்டு அவர்களோடேயே கிளம்பிவிட்டார். வழியில் பனிச்சறுக்கு வண்டியொன்றைத் திருடிக்கொண்டு வடக்கே ஓடினார்கள். மறுநாளே பட்லர் கவுன்ட்டியில் போலீஸ் மடக்கிச் சுட்டது. சகோதரர்கள் இருவரும் காயத்தில் செத்துப்போனார்கள். கேட் பிழைத்துச் சிறைக்குப் போனார். கல்லையும் கம்பியையும் எவ்வளவு யோசித்து வைத்தாலும், சாவி இருக்கிற வீட்டுக்குள்ளிருந்தே வழி திறந்துவிட்டது. இந்தக் கதையை மனைவிக்குச் சொல்லலாம், சுவாரஸ்யமாக இருக்கும். ஜெயில் முற்றத்தில் தூக்குப் போட்டதை மட்டும் அம்மா காதுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கோர்ட்டுப் பக்கமும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். நடு முற்றத்தில் நீரூற்று உண்டு. வேலை நாளில் மதியச் சாப்பாட்டு டப்பாவோடு ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெரிய கோபுரம் வெறும் அழகுக்கு இல்லை. அந்த நாளில் இரும்பாலைப் புகை ஊரையே மூடியிருந்ததால், புகைக்கு மேலே இருக்கிற காற்றைக் கோபுர உச்சியிலிருந்து உள்ளே இழுக்கிற மாதிரி கட்டினார்கள். கிராண்ட் ஸ்ட்ரீட்டில் நின்று பார்த்தால் கட்டடம் கொஞ்சம் தூக்கி வைத்ததுபோல் தெரியும். 1912 வாக்கில் மேடாக இருந்த அந்தத் தெருவை வெட்டித் தாழ்த்திவிட்டார்கள். ரிச்சர்ட்சன் நினைத்த தரைத்தளம் தலைக்கு மேலே போய்விட்டது, நாம் இன்று நுழைவது அவருடைய அடித்தளத்தில். டொராண்டோவில் சொந்தக்காரர்கள் இருந்தால் அங்கே பழைய சிட்டி ஹாலைப் பாருங்கள். 1899-ல் முடிந்தது, இதன் சாயல் நன்றாகத் தெரியும்.

பழைய அறைகளில் ஒரு பகுதியை இடிக்காமல் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். போவதற்கு முன் நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள். குடும்பக் கோர்ட்டுக்குள் சும்மா வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சங்கடத்தில் வந்தவர்கள்.

வீட்டைப் பற்றி நான் யோசிக்கிற விஷயமே வேறு. மாலையில் ஆபீஸ் விட்டதும் அந்தப் பகுதி வெறிச்சோடிவிடும். ராத்திரி ஏழு மணிக்குப் பால் தீர்ந்தால் எங்கே வாங்குவது என்று முதலில் பாருங்கள். டவுன்டவுனுக்குள் 'டி' என்கிற உள்ளூர் ரயிலில் டிக்கெட் வாங்காமலேயே போகலாம், அது ஒரு வசதி. பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்கும் இந்தியக் கடைகளுக்கும் கார் இல்லாமல் கஷ்டம்.

அப்புறம், டிரைவிங் லைசென்ஸ் எடுத்த பிறகு என்றைக்காவது இதே கோர்ட்டிலிருந்து ஜூரி கடிதம், அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கான அழைப்பு, வரலாம். விசாவில் இருப்பவர்களுக்கும் வருவதுண்டு, பயப்படாதீர்கள். குப்பையிலும் போடாதீர்கள். குடிமகனா என்று கேட்டிருக்கும் இடத்தில் இல்லை என்று குறித்து, கையெழுத்துப் போட்டு, கெடுவுக்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள். தெரியாமல் ஆமாம் என்று குறித்துவிட்டால் பின்னால் கிரீன் கார்டு சமயத்தில் தலைவலி.