இலங்கையின் வன்னிக் கிராமங்களில் நடமாடும் சினிமாவும் குறும்படப் பட்டறையும் நடத்த எப்படித் தொடங்குவது?

முதலில் மாதத்தைப் பாருங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. அதன்பின் காலபோக அறுவடை, அதாவது அந்த மழையை நம்பி விதைத்த நெல்லின் அறுவடை; ஆட்கள் வயலில் நிற்பார்கள். பங்குனிக்குப் பிறகே தோது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலன்று மட்டும் திரை கட்டாதீர்கள். முல்லைத்தீவு மாவட்டமே அங்கேதான் நிற்கும்.

இடத்துக்குச் சனசமூக நிலைய முற்றம் போதும். ஒட்டுசுட்டான் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, ஆகவே நேரத்தோடு முடியுங்கள். ஜெனரேட்டரைத் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் வசனம் கேட்காது.

பட்டறைக்குக் கைத்தொலைபேசியே கமெரா. விரிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. குளக்கட்டில் வலை உதறுபவரை வசனமில்லாமல் 5 ஷொட்டுகளில் எடுக்கச் சொல்லுங்கள். வலை, விரல், மீன், முகம் என்று பிள்ளைகளே ஒழுங்கைக் கண்டுபிடிப்பார்கள். அன்றிரவு பெரிய படத்துக்கு முன் அதைத் திரையிடுங்கள். போரைப் பற்றி எடுக்கும்படி யாரையும் தூண்டாதீர்கள். அவர்களாகத் தொடங்கினால் அது வேறு.