துப்பாக்கியைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். வயது 41, கண்ணாடி அணிபவன். வாஷிங்டன் டெலவர் ஆற்றைக் கடந்ததை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு நடித்துக் காட்டுவதைப் பார்த்ததிலிருந்து, அமெரிக்கப் புரட்சிக்காலப் படைவீரர்களாக நடிக்கும் அப்படி ஒரு குழுவில் சேர ஆசை. இணையத்தில் துப்பாக்கி, கோட்டு, தொப்பி எல்லாம் சேர்த்து ஒரே 'செட்'டாகக் கிடைக்கிறது. லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்கள். வாங்கிக்கொண்டு போய்ச் சேரலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதலில் குழு, பிறகு சட்டை, கடைசியில்தான் துப்பாக்கி. ஒவ்வொரு குழுவும் குறிப்பிட்ட ஒரு படைப்பிரிவைக் குறிப்பிட்ட ஒரு காலத்தில் காட்டுகிறது. மிலிஷியா, அதாவது ஊர்க்காரர்களே திரண்ட படையைக் காட்டும் குழு என்றால் விவசாயி வீட்டு உடையே போதும். அங்கே சீருடைப் படையின் நீலக் கோட்டோடு போய் நின்றால் சிரிப்பார்கள். அந்த 'செட்' கோட்டில் பாலியஸ்டர் கலந்திருந்தால் இன்னும் மோசம். தீப்பொறி பட்டால் கம்பளி கருகும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். புதியவர்களுக்கு இரவல் உடை வைத்திருக்கும் குழுக்கள் உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

'லைசென்ஸ் வேண்டாம்' என்பது பாதி உண்மை. அமெரிக்க மத்திய சட்டப்படி, அந்தக் காலத்துத் தீக்கல் துப்பாக்கியின் நகல்கூடப் பழம்பொருள்தான், அதனால் லைசென்ஸ் வேண்டாம். உங்கள் மாநிலத்தில் அது செல்லாது; துப்பாக்கி வாங்குவதற்கான அடையாள அட்டை வேண்டும், அதற்குக் கைரேகை வேண்டும். 1776-இல் வாஷிங்டன் பென்சில்வேனியா கரையிலிருந்து உங்கள் கரைக்குத்தான் வந்தார். இன்று வந்தால் படகை விட்டு இறங்குமுன் படிவத்தை நீட்டுவார்கள். 30 நாளில் அட்டை தர வேண்டும் என்பது சட்டம். நான் காத்திருந்தது ஐந்து மாதம், அதே படிவத்தை இரண்டு முறை நிரப்பிக் கொடுத்துவிட்டு!

மலிவுத் துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். அவற்றில் பல இந்தியாவில் செய்தவை. வெடிமருந்துக்குத் தீ போகும் பக்கத் துளை இல்லாமல், அலங்காரப் பொருளாக இறக்குமதியாகின்றன. இங்கே விற்பவர் டிரில் வைத்து ஓட்டை போட்டு, 'சுடலாம் சார்' என்று அனுப்புகிறார். குழாய் தாங்குமா என்று யார் சோதித்தது? குண்டு போடுவதில்லையே என்பார்கள். வெறும் மருந்து மட்டும் வெடித்தாலும் குழாய்க்குள் அழுத்தம் அழுத்தம்தான். 'பிரவுன் பெஸ்' என்பது அக்காலப் பிரிட்டிஷ் படைத் துப்பாக்கி; இத்தாலியில் செய்யும் அதன் நகல்களில், சோதனைக்கூடத்தின் முத்திரை குழாயிலேயே பதிந்திருக்கும். ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். ஆகட்டும். இடைத்தரகரிடம் பழையது வாங்கினாலும் அந்த முத்திரையைத் தடவிப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

இனி உங்கள் கண்ணாடி. இந்தக் காலத்துப் பொருள் எதுவும் கண்ணில் படக்கூடாது என்பது விதி. கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள், செல்போனை ஒளித்து வையுங்கள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். பழைய பாணி வட்டச் சட்டத்தில் உங்கள் பவரைப் போட்டுக்கொள்ளலாம். கான்டாக்ட் லென்ஸ் போட்டாலும், மேலே பவர் இல்லாத வட்டக் கண்ணாடி இருக்கட்டும். காரணம் இதுதான்: துளை இருப்பது துப்பாக்கியின் வலப்பக்கம். உங்களுக்கு இடப்பக்கம் நிற்பவர் சுடும்போது, அந்தத் துளையிலிருந்து ஒரு கீற்றுத் தீ உங்கள் முகத்துக்கு நேராக வரும். அதைத் தடுக்கப் பித்தளைத் தகடு ஒன்று உண்டு. அவர் அதை மாட்டியிருக்கிறாரா என்று அணிவகுப்பிலேயே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் வரிசையை விட்டு விலகி நில்லுங்கள்.