சோதனைப் பத்தியில் தேங்கும் அட்டைகள்

வணக்கம். ஒவ்வொரு மென்பொருள் பணியையும் ஓர் அட்டையாக, அது நிற்கும் கட்டத்துக்குரிய பத்தியில் வைத்துக் காட்டும் கான்பான் பலகையை வைத்த பிறகும் சோதனைப் பத்தியில் 14 அட்டைகள் தேங்கி நிற்பதாகவும், இருப்பது இரண்டே சோதனையாளர்கள் என்றும், நிரலாளர்களோ புதுப் பணிகளை எடுத்துக்கொண்டே இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்களிடம் பலகை மட்டுமே இருக்கிறது. கான்பான் இன்னும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

டொயோட்டா கார் நிறுவனத்தில் பொறியாளர் தாய்ச்சி ஓனோ வகுத்த கான்பான் முறையில், அடுத்த கட்டத்தில் இருப்பவர் உதிரிப்பாகங்களை எடுத்துக்கொண்டு அட்டையைத் திருப்பி அனுப்பினால்தான் முந்தைய கட்டத்தில் அந்த அளவுக்கு மட்டும் மீண்டும் உற்பத்தி நடக்கும். அட்டை வராதபோது இயந்திரம் சும்மா நின்றாலும் குற்றமில்லை, ஏனெனில் தேவைக்கு மேல் செய்து குவிப்பதையே அவர் விரயங்களில் மிக மோசமானதாகக் கருதினார். தொழிற்சாலையில் அந்தக் குவியல் கண்ணில் படும். மென்பொருளிலோ முதன்மை நிரலோடு இன்னும் இணைக்கப்படாத தனிப் பிரதிகளாக, அதாவது கிளைகளாக, ஒளிந்துகொள்ளும்.

ஆகவே ஒரே நேரத்தில் அங்கே இருக்கக்கூடிய அட்டைகளின் உச்ச வரம்பாக, சோதனைப் பத்தியின் தலைப்பிலேயே 4 என்று எழுதி வையுங்கள். அந்த எண்ணிக்கை நிரம்பியிருக்கும்வரை, நிரல் எழுதி முடித்தவர் புதிய அட்டையைத் தொடாமல், அங்கே நிற்கும் ஒன்றைச் சோதித்து முடிக்க உதவ வேண்டும். முதலில் முணுமுணுப்பு எழத்தான் செய்யும். ஸ்பிரின்ட் எனப்படும், பணிகளைத் திட்டமிட்டு முடிக்கும் குறுகிய சுற்றின் காலத்தைக் குறைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேக்கம் கரையும்வரை அதை மாற்ற வேண்டாம்.